விமானச் சிறகிலிருந்து இரத்தக் குழாய் வரை

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இக்குடும்ப நாளில் ஒரு விஞ்ஞானியைப் பற்றி உரையாற்றப் போகிறோம் என்று அறிவித்தபோது, "சாமியாருக்கும் சயன்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டதாக நம் காதில் விழுந்தது. கேள்வி நியாயமானதே. நம் பங்கின் அடக்கப் பதிவேட்டில் மரணக் காரணம் எழுதும் இடத்தில் 'மாரடைப்பு', 'பக்கவாதம்' என்னும் இரு சொற்களையும் நாம் அடிக்கடி எழுத வேண்டியிருக்கிறது. அறுபது வயதைத் தொடாதவர்களுக்கும் எழுதியிருக்கிறோம். துக்க வீட்டில் மெல்ல விசாரித்தால், "பிரஷர் இருந்துச்சு சாமி, மாத்திரை கொடுத்தாங்க, உடம்புதான் நல்லா இருக்கேன்னு அவரே நிறுத்திட்டாரு" என்ற பதிலே பல வீடுகளில் கிடைக்கிறது. வலிக்காத நோயை நோய் என்று நம்புவது நம்மவர்களுக்குக் கடினமாக இருக்கிறது.

அந்த வலிக்காத நோய் குழாய்க்குள்ளே என்ன செய்கிறது என்பதைக் கண்டு சொன்னவர்களுள் முன்னணியில் நிற்பவர் ஒருவர். அவர் மருத்துவர் அல்லர். விமானப் பொறியியல் படித்தவர். பெயர் யுவான் செங் ஃபங். உயிர்ப்பொறியியல் உலகில் ஒய். சி. ஃபங் என்றால் தெரியாதவர் இல்லை.

1919-ஆம் ஆண்டு சீன நாட்டில், ஜியாங்சு மாநிலத்துச் சாங்ஜோ நகரில் பிறந்தார். அவர் கல்லூரி சேரும் பருவத்தில் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. நான்கிங்கில் இருந்த அவருடைய பல்கலைக்கழகம், யாங்சி ஆற்றின் மேற்புறத்தே வெகு தொலைவிலுள்ள சொங்சிங் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரின்மேலும் குண்டுகள் விழுந்தன. வானிலிருந்து தன் நாட்டின்மேல் குண்டு விழுவதைக் கண்ட இளைஞர்களுக்கு விமானக் கல்வியைத் தேர்ந்துகொள்ள வேறு காரணம் வேண்டியதில்லை. 1941-இல் பட்டமும் 1943-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். போர் முடிந்ததும் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, பாசடீனாவிலுள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1948-இல் டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார்.

அவர் தேர்ந்த துறையைச் சற்று விளக்க வேண்டும். பின்னால் வருவதெல்லாம் அதில்தான் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் டக்கோமா என்னும் இடத்தில் கடற்கால்வாயின் குறுக்கே ஒரு தொங்குபாலம் கட்டினார்கள். 1940 ஜூலையில் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் அது நாடா போல் முறுக்கி முறுக்கி ஆடி அறுந்து விழுந்தது. புயல் இல்லை, பூகம்பம் இல்லை. காற்று பாலத்தை வளைக்கிறது; வளைந்த பாலம் தன்மேல் ஓடும் காற்றின் போக்கை மாற்றுகிறது; மாறிய காற்று பாலத்தை மேலும் வளைக்கிறது. விமானச் சிறகுக்கும் இதே ஆபத்து உண்டு. வளையக்கூடிய பொருளும் அதன்மேல் ஓடும் பொருளும் ஒன்றையொன்று பாதிப்பதைக் கணக்கிடும் கலையில் ஃபங் வல்லவர். 1955-இல் அவர் எழுதிய நூல் அத்துறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. வளையும் குழாய், அதனுள் ஓடும் இரத்தம். கணக்கு எங்கே போகிறது என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

அவரை அங்கே இட்டுச் சென்றவர் அவருடைய தாய். 1957-58-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஓராண்டு ஆராய்ச்சிக்காகத் தங்கியிருந்தார் ஃபங். சீனாவிலிருந்த அன்னைக்குக் கண்ணில் நீர் அழுத்தம் ஏறும் கிளாக்கோமா நோய் கடுமையாகக் கண்டது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே அந்நாளில் தூதரக உறவுகூட இல்லை. பக்கத்தில் இருந்து பணிவிடை செய்ய முடியாத மகன் என்ன செய்வான்? நூலகத்துக்குச் சென்றார். அந்நோயைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்துச் சீன மொழியில் பெயர்த்து, தாய்க்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவருக்கு அனுப்பினார். படிக்கப் படிக்க அவருக்கு வியப்பு. கண்ணுக்குள் ஒரு நீர் சுரக்கிறது, வடிகிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கிறது. நீரோட்டமும் அழுத்தமும் அவர் நாள்தோறும் கையாண்ட சரக்கு அல்லவா! உடலியல் நூல்களில் எங்கு பார்த்தாலும் அழுத்தம், ஓட்டம், இழுவிசை. ஆனால் பொறியியலார் கணக்கிடும் முறையில் கணக்கிட்டவர்கள் மிகச் சிலரே.

இவ்விடத்தில் நம் குருகுலத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறோம். நாம் குருமடத்தில் தத்துவம் படித்த நாட்களில், புனித தாமஸ் அக்குவினாஸ் இதயத்தின் அசைவைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதியிருப்பதைக் கண்டு வியந்ததுண்டு. இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்பது அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது. அதை வில்லியம் ஹார்வி நிலைநாட்டியது 1628-இல்தான். அந்த இரத்தத்துக்கு அழுத்தம் எவ்வளவு என்று முதன்முதலில் அளந்து நூலாக வெளியிட்டவரோ ஒரு பங்குக் குரு! இங்கிலாந்தில் டெடிங்டன் ஊரில், ஆங்கிலிக்கன் சபையின் குருவாக 1709 முதல் 1761 வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்த ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்க வைத்து, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதன்மேல் நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். இரத்தம் எட்டடி மூன்று அங்குல உயரம் ஏறி நின்று, துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கியது. 1733-இல் இதை வெளியிட்டார். இன்று உங்கள் சீட்டில் டாக்டர் '120' என்று எழுதினால், 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம் என்று பொருள். பாதரசத்துக்குப் பதில் இரத்தத்தையே நிறுத்தினால் சுமார் ஐந்தடி உயரம் நிற்கும். (குதிரையின் நிலையை நினைத்தால் மனம் இளகுகிறது. அந்நாளில் வேறு வழி அறியாதிருந்தார்கள்.)

மீண்டும் ஃபங்கிடம் வருவோம். 1959-இல் அவர் முழுப் பேராசிரியர். விமானத் துறையில் பேர் பெற்றவர். விண்வெளிப் பயணத்துக்கு அமெரிக்க அரசு பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த காலம். அந்த நாற்காலியை விட்டு எழுந்து, 1966-இல், நாற்பத்தேழு வயதை நெருங்கும் போது, அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்த சான் டீகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். நுண்ணிய இரத்த நாளங்களை ஆராய்ந்த பெஞ்சமின் ஸ்வைஃபாக், மார்க்கோஸ் இன்டாக்லியெட்டா ஆகிய இருவரோடு சேர்ந்து அங்கே உயிர்ப்பொறியியல் கல்வியைத் தொடங்கினார். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து 'டாக்டரா, இன்ஜினியரா' என்று வீட்டையே இரண்டாக்கும் பெற்றோர்கள் இந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். டாக்டரும் இன்ஜினியரும் சந்திக்கும் இடத்தில் நாற்பத்தேழு வயதில் ஒரு புதிய வேலை பிறந்தது.

அங்கே அவர் செய்தவற்றுள் மூன்றை மட்டும் சொல்வோம்.

உங்கள் காது மடலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். (இளைஞர்கள் பக்கத்தில் இருப்பவர் காதை இழுக்க வேண்டாம்.) முதலில் எளிதாக இழுபடுகிறது, பிறகு சட்டென்று இறுகி, 'இதற்குமேல் வராது' என்கிறது. இரும்புக் கம்பி ஒரே அளவாக எதிர்க்கும். உயிருள்ள தசையும் தோலும் இரத்தக் குழாயும் நீள நீள மேன்மேலும் விறைக்கின்றன. 1967-இல் முயலின் குடல் சவ்வை இழுத்து அளந்து, இந்த விறைப்பு எப்படிப் பெருகுகிறது என்பதற்கு ஃபங் ஒரு சமன்பாடு தந்தார். இரத்தக் குழாயைப் பற்றிக் கணக்கிடுவோர் இன்றும் அதையோ அதன் வழித்தோன்றல்களையோதான் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது நுரையீரல். காற்றுப் பைகளின் சுவரில் இரத்தம் மெல்லிய குழாய்களின் வலையில் ஓடுகிறது என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். சிட்னி சோபின் என்னும் மருத்துவரோடு சேர்ந்து ஃபங் வேறொரு படத்தைத் தந்தார். மதுரையில் ஆயிரங்கால் மண்டபம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மேலே கூரை, கீழே தரை, நடுவே தூண்கள். அதில் வெள்ளம் புகுந்தால் தூண்களைச் சுற்றிக்கொண்டு பரந்த தகடாக ஓடும். நுரையீரலில் இரத்தம் ஓடுவது அப்படியே என்று 1969-இல் கணக்கோடு எழுதினார்கள். பூனையின் நுரையீரலில் வார்ப்பு எடுத்து அளந்த அளவுகள் அதற்கு ஆதாரமாயின.

மூன்றாவதுதான் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. தமனியை வெங்காயத்தை நறுக்குவது போல் குறுக்கே வெட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். உள்ளே இரத்தம் இல்லை, அழுத்தம் இல்லை. ஆகவே அது சும்மா கிடக்கிறது என்றுதான் யாரும் நினைப்போம். அந்த வளையத்தை ஓரிடத்தில் கத்தரித்தால், அது தானாகவே விரிந்து அரைவட்டம் போல் திறந்துகொள்கிறது! அப்படியானால் வளையமாகக் கிடந்தபோதும் அதற்குள் ஒரு விசை பூட்டப்பட்டிருந்தது: உட்புறம் நெருக்கப்பட்டும் வெளிப்புறம் இழுக்கப்பட்டும் இருந்திருக்கிறது. எதற்காக? இரத்தம் அழுத்தும்போது இழுவிசையின் பெரும்பகுதி உட்புறச் சுவரிலேயே விழ வேண்டும் என்பது பழைய கணக்கு. உட்புறம் முன்கூட்டியே நெருக்கப்பட்டிருப்பதால் சுமை உள்ளும் புறமும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படுகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டி, நீரூற்றிக் குளிர வைப்பதை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். குளிர்ந்த பட்டை சுருங்கி மரத்தை நெருக்கிப் பிடிக்கிறது; சக்கரம் சாலைக்கு வருமுன்பே சுமைக்கு ஆயத்தமாகிவிடுகிறது. கொல்லர் பட்டறையில் நாம் கற்றதை, சிருஷ்டிகர் ஒவ்வொரு தமனியிலும் ஓசையின்றிச் செய்து வைத்திருக்கிறார். 1983-இல் ஃபங் இதை எடுத்துரைத்தார். அதே காலத்தில் வேறு ஆராய்ச்சியாளரும் இதே முடிவுக்கு வந்திருந்தனர்.

இங்கேதான் நாம் துவக்கத்தில் சொன்ன மாத்திரைக் கதை வருகிறது. ஃபங்கும் அவருடைய உடனுழைப்பாளரும் எலிகளைப் பிராணவாயு குறைந்த அறையில் வைத்தார்கள். அப்படிச் செய்தால் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும். பிறகு தமனிகளை எடுத்து, வளையம் வெட்டி, எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். சில மணி நேரத்திலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. சில நாட்களில் சுவரின் தடிமனும் அமைப்பும் மாறிவிட்டன. இரத்தக் குழாய் ஒரு இரப்பர் குழாய் அன்று. அழுத்தம் கூடினால் அது தன்னையே திருத்திக் கட்டிக்கொள்கிறது, தடிக்கிறது, விறைக்கிறது. விறைத்த குழாய் இதயத்தின் வேலையைக் கூட்டுகிறது. இதயத் தசையும் தடிக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சம் முறை துடித்து, ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தம் இறைக்கும் உறுப்பு அது. இத்தனையும் நடக்கும்போது உங்களுக்கு ஒரு தலைவலிகூட வராமல் இருக்கலாம். 'உடம்பு நல்லா இருக்கே' என்று மாத்திரையை நிறுத்துகிறவர், அந்த மாத்திரையினால்தான் நன்றாக இருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார். அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் தடித்த இதயத் தசை ஓரளவு மீள்வதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைக் கடன் வாங்கவும் வேண்டாம். அதுவும் நம் தெருக்களில் நடக்கிறது.

ஃபங் சான் டீகோவுக்குச் சென்ற அதே 1966-இல், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் காலின் கேரோ என்னும் மருத்துவரும், விமான ஆராய்ச்சிக்குப் பேர்போன கணித மேதை ஜேம்ஸ் லைட்ஹிலும் சேர்ந்து இரத்த ஓட்டத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி: உடல் முழுதும் ஓடுவது ஒரே இரத்தம், அதிலுள்ள கொழுப்பும் ஒன்றே. அப்படியிருக்க, கொழுப்பு ஏன் சில இடங்களில் மட்டும் படிகிறது? இரத்தம் வேகமாக உரசி ஓடும் இடத்தில் சுவர் தேய்ந்து கெடுகிறது, அங்கேதான் நோய் தொடங்குகிறது என்ற கருத்தை 1968-இல் அமெரிக்காவின் டொனால்ட் ஃப்ரை முன்வைத்திருந்தார். கேரோ குழுவினர் 1969-இல் நேர்மாறாகச் சொன்னார்கள்: குழாய் கிளைபிரியும் இடத்தின் வெளிப்புறத்திலும் வளைவின் உட்புறத்திலும், உரசல் குறைந்து இரத்தம் மந்தமாக ஓடும் இடங்களில்தான் கொழுப்பு படிகிறது. காலப்போக்கில் சான்றுகள் கேரோ பக்கமே சாய்ந்தன. ஆறு வளையும்போது உள்வளைவில் வண்டல் ஒதுங்குவது நமக்குப் புதிதன்று. ஆனால் உவமையை அதற்குமேல் நீட்டக்கூடாது. குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் ஓட்டத்தை உணர்கின்றன. சீராக ஓடினால் ஓட்டத்தின் திசையில் அணிவகுத்து அமைதியாக இருக்கின்றன. ஓட்டம் குலைந்தால் அழற்சிக்கு இடம் கொடுக்கின்றன. இதை ஆராய்ந்து விளக்கியவர்களுள் முக்கியமானவர் ஷூ சியென். அவரும் சீனாவில் பிறந்தவர், 1988-இல் அதே சான் டீகோவுக்கு வந்து சேர்ந்தவர். புகை, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, இரத்தக் கொதிப்பு இவை உடல் முழுவதற்கும் பகை. ஆனால் அவை முதலில் கைவைப்பது ஓட்டம் குலைந்த அந்த மூலைகளில்.

இந்தக் கணக்குகளெல்லாம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. இப்போது யாரைப் பார்த்தாலும், "அவருக்கு மூணு அடைப்பாம், ஒண்ணு எழுபது பர்சென்ட்டாம்" என்று பேசிக்கொள்கிறோம். படத்தில் பார்த்து இத்தனை சதவீதம் என்று சொல்வது குழாயின் அகலத்தைப் பற்றிய செய்தி. அதைத் தாண்டி எவ்வளவு இரத்தம் போய்ச் சேருகிறது என்பது வேறு கேள்வி. அதை அறிய ஒரு மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் முறை 1990-களில் வந்தது. பின்னுள்ள அழுத்தம் முன்னுள்ளதில் நூற்றுக்கு எண்பதுக்குமேல் இருந்தால் அந்த அடைப்பு பெரும்பாலும் ஓட்டத்தைத் தடுக்கவில்லை என்று கொள்கிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,005 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஓராண்டுக்குள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மரணமோ, மாரடைப்போ, மறு சிகிச்சையோ நேர்ந்தது; அழுத்தத்தை அளந்து, தேவையான அடைப்புக்கு மட்டும் வைத்தவர்களில் அது பதின்மூன்று. இவர்களுக்கு வைத்த ஸ்டென்ட்டும் குறைவு. ஸ்கேன் படத்தைக் கணினியில் இட்டு, கம்பியே இல்லாமல் இந்த அழுத்தத்தைக் கணக்கிடும் முறைக்கு 2014-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

ஆகவே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையாக இருந்தால், "இந்த அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று பார்த்தீர்களா டாக்டர்?" என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. வீட்டையோ நகையையோ அடகு வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் நெஞ்சை அழுத்தி, வியர்த்து, இடக்கையில் வலி இறங்கும் வேளையில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. 'வாயு' என்று சொல்லி இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொண்டும் நிற்கக்கூடாது. அப்போது ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. 108-ஐ அழைத்து நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோயில்பூசுதலுக்கு எம்மை அழைப்பதற்காகவும் தாமதிக்க வேண்டாம். நாம் அங்கேயே வந்து சேர்வோம்.

ஃபங் நீண்ட ஆயுள் பெற்றார். உயிருள்ள திசுக்களின் இயல்பைப் பற்றி 1981-இலும், இரத்த ஓட்டத்தைப் பற்றி 1984-இலும் அவர் வெளியிட்ட நூல்கள் உலகெங்கும் பாடமாயின. 2000-ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2019 டிசம்பர் 15-ஆம் நாள், நூறு வயது நிறைந்து மூன்று மாதம் ஆன நிலையில், சான் டீகோவில் காலமானார்.

கூட்டம் முடிந்ததும் நம் பள்ளிக்கூட அறையில் செவிலிய அருட்சகோதரிகள் அனைவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வெளியே காபி கொடுக்கிறார்கள். அதைக் குடித்தவர்கள் அரை மணி நேரம் கழித்து வாருங்கள். வந்ததும் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மாதர் சங்கத்தாருக்கு இது சற்றுக் கடினம் என்பதை அறிவோம். கையைத் தொங்கவிடாமல், நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வையுங்கள். கை நெஞ்சுக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் இறங்கினால், அவ்வளவு உயர இரத்தத்தின் எடையும் சேர்ந்து ஏழு எட்டு எண்கள் கூடக் காட்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டை எடுத்து வரவும். இடையில் நிறுத்தியவர்கள் முதல் வரிசையில் நிற்கலாம். யாரும் உங்களைத் திட்டக்கூடாது என்று அருட்சகோதரிகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.